பொன்னகரும் பொருள் துறந்தாரும்

ஊர்களுக்குப் பெயர் அமையும் முறை பலவகைப்படும். ஆற்றால் பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. மரத்தால் பெயர் பெற்றவை உண்டு. ஆண்ட மன்னனின் பெயரைத் தாங்கி நிற்பவையும் உண்டு. அடியார் ஒருவரின் பெயரால் வழங்கும் ஊர்கள் பெரும்பாலும் அவர் பிறந்த இடமாகவோ, வாழ்ந்த இடமாகவோ, அடங்கிய இடமாகவோ இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேலைக் கடற்கரையில் விளங்கும் சான் பிரான்சிஸ்கோ மாநகரம் அத்தகையதன்று. ஸ்பானிய மொழியில் ‘சான்’ என்பதற்குத் ‘தூய’ என்று பொருள். அப்பெயருக்கு உரியவரான தூய பிரான்சிஸ் அந்நகரைக் கண்டவர் அல்லர். அப்படி ஒரு நிலப்பகுதி உலகில் உண்டு என்பதையும் அவர் அறியார். அவர் மறைந்து ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அங்கே அவர் பெயரால் ஒரு கோயில் எழுந்தது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. காசைக் கையாலும் தொடலாகாது என்று தம்மைப் பின்பற்றியோர்க்கு விதித்தவர் பிரான்சிஸ். அவர் பெயர் பூண்ட நகரமோ பொன்னால் பிறந்து, பொன்னால் வளர்ந்து, இன்றும் உலகின் பெருஞ்செல்வ நகரங்களுள் ஒன்றாக இருப்பது. இவ்விரண்டும் ஒரு பெயரில் வந்து சேர்ந்த வரலாறு நெடியது.

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் சுபாசியோ மலையின் சரிவில் அமைந்த சிற்றூர் அசிசி. அங்கே 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பியெத்ரோ பெர்னார்தோனே என்னும் துணி வணிகர் ஒருவர் வாழ்ந்தார். 1181-ஆம் ஆண்டிலோ அதற்கு அடுத்த ஆண்டிலோ அவருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. அவ்வேளை தந்தை வாணிகத்தின் பொருட்டுப் பிரெஞ்சு நாடு சென்றிருந்தார். தாய் குழந்தைக்கு ஜொவான்னி என்று பெயரிட்டார். திரும்பி வந்த தந்தையோ, தமக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்த நாட்டை நினைந்து, மகனைப் ‘பிரான்செஸ்கோ’ என்று அழைத்தார். பிரெஞ்சுக்காரன் என்பது அதன் பொருள். வாணிக ஊதியத்தின் நினைவாக வைக்கப்பட்ட அப்பெயரே பிற்காலத்தில் துறவின் மறுபெயராக ஆயிற்று.

செல்வர் வீட்டுப் பிள்ளையாகப் பிரான்சிஸ் வளர்ந்தார். விலையுயர்ந்த ஆடை உடுத்தினார். நண்பர் குழாத்துடன் விருந்தும் பாட்டுமாக இரவுகளைக் கழித்தார். போர்வீரனாகிப் புகழ் பெற வேண்டும் என்பது அவர் கனவு. 1202-இல் அசிசிக்கும் அண்டை நகராகிய பெருஜியாவுக்கும் போர் மூண்டது. அப்போரில் பிரான்சிஸ் பகைவர் கையில் சிக்கி, ஓராண்டுக் காலம் சிறையில் வாடினார். விடுதலை பெற்று வந்தபின் நெடுநாள் நோயுற்றுக் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியபோது பழைய இன்பங்கள் அவருக்குச் சுவைக்கவில்லை.

அக்காலத்தில் தொழுநோயாளரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கி வைத்திருந்தனர். அவர்களைக் கண்ட அளவிலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இயல்பினராய் இருந்தார் பிரான்சிஸ். ஒருநாள் குதிரைமீது செல்கையில் தொழுநோயாளன் ஒருவன் எதிர்ப்பட்டான். குதிரையைத் திருப்ப நினைத்தவர், தம்மைத் தாமே அடக்கிக்கொண்டு கீழே இறங்கினார். கையில் இருந்த பொருளை அவனுக்கு ஈந்து, அவன் கையை முத்தமிட்டார். தம் வாழ்வு திரும்பிய இடம் அதுவே என்று பின்னாளில் அவரே குறித்துள்ளார்.

அசிசிக்கு வெளியே தூய தாமியானோவின் பெயரால் ஒரு பழைய கோயில் இடிந்து கிடந்தது. அதைச் செப்பனிட விரும்பிய பிரான்சிஸ், தந்தையின் கடையில் இருந்த துணிகளை எடுத்துச் சென்று விற்றார்; தாம் ஏறிச் சென்ற குதிரையையும் விற்றார். அப்பணத்தைக் கோயில் குருவிடம் கொடுத்தபோது, அவர் அஞ்சி வாங்க மறுத்தார். செய்தி தந்தைக்கு எட்டியது. மகன் துறவி ஆவதைக்கூட அவர் பொறுத்திருக்கக் கூடும். கடைச் சரக்கை எடுத்து விற்றதை எந்த வணிகர்தாம் பொறுப்பார்? மகனை அடைத்து வைத்தார். அது பயன்படாது போகவே, ஊர் ஆயர்முன் வழக்கிட்டார். பொருளைத் திருப்பித் தருதல் வேண்டும் என்று ஆயர் கூறினார்.

ஊரார் கூடி நின்றனர். பிரான்சிஸ் பணத்தைக் கொணர்ந்து வைத்தார். அத்துடன் அமையவில்லை. தம் உடலில் இருந்த ஆடைகளும் தந்தை அளித்தவையே அன்றோ? அவற்றையும் ஒவ்வொன்றாகக் களைந்து பணத்தின்மேல் வைத்தார். இனித் தமக்கு விண்ணகத்தில் உள்ளவரே தந்தை என்று கூறி, வெற்றுடம்பினராய் நின்றார். ஆயர் தம் போர்வையால் அவரை மூடினார். 1206-இல் நிகழ்ந்த இக்காட்சியை இத்தாலிய ஓவியர் பலர் தீட்டியுள்ளனர். அவற்றுள் சிலவற்றில், மகனின் ஆடைகளைக் கையில் ஏந்தியபடி நிற்கும் தந்தையின் உருவமும் காணப்படும். அம்முகத்தில் சினமே எழுதப்பட்டிருக்கும். எனினும் மகனை இழந்து துணியை மீட்டுக்கொண்ட அத்தந்தையின் நிலை இரங்கத்தக்கதே.

அதன்பின் பிரான்சிஸ் முரட்டுத் துணியால் ஆன ஓர் அங்கியை அணிந்து, இடையில் கயிறு கட்டிக்கொண்டார். வீடுதோறும் கல்லை இரந்து பெற்று, கோயிலைத் தம் கையாலேயே கட்டினார். முதலில் அவரைப் பித்தர் என்று எள்ளி நகையாடியவர்களுள் சிலர் பின்பு அவருக்குத் தோழர் ஆயினர். 1209-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவர்களுடைய வாழ்க்கை முறைக்கு இசைவு அளித்தார். அதுவே பிரான்சிஸ்கன் சபை. உழைத்து உண்பது, உழைப்புக்கு ஊதியம் கிடைக்காதபோது இரந்து உண்பது, நாளைக்கென்று எதையும் சேர்த்து வையாதிருப்பது ஆகியவை அவர்களுடைய நெறி. பெருங்குடியில் பிறந்த கிளாரா என்னும் பெண்மணி 1212-இல் அந்நெறியை மேற்கொண்டு, பெண் துறவியர் சபைக்கு வித்திட்டார்.

1219-இல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்சிஸ் எகிப்துக்குக் கப்பல் ஏறினார். தமியாத்தா நகரை முற்றுகையிட்டிருந்த படைகளைக் கடந்து, கையில் படைக்கலம் ஏதும் இன்றிச் சுல்தான் அல்காமிலின் பாசறைக்குள் புகுந்தார். பகைவர் கூட்டத்திலிருந்து வந்த அத்துறவியைச் சுல்தான் கொல்லவில்லை. அன்புடன் வரவேற்று, அவர் கூறியதைக் கேட்டு, தீங்கின்றித் திருப்பி அனுப்பினார். போர் அதனால் நின்றுவிடவில்லை. ஆயினும் அச்சந்திப்பைக் கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்றும் நினைவு கூர்கின்றனர்.

தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் காலத்தில் வைக்கோலும் பொம்மைகளும் கொண்டு வீடுகளில் அமைக்கப்படும் குடிலுக்கும் பிரான்சிசுக்கும் தொடர்பு உண்டு. 1223-இல் கிரெச்சியோ என்னும் மலையூரில், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் பரப்பி, இயேசு பிறந்த தொழுவத்தை அவர் மக்கள் கண்முன் அமைத்துக் காட்டினார். அவ்வழக்கமே பரவி வளர்ந்தது. பறவைகளுக்கு அறிவுரை கூறினார் என்றும், ஊரை நடுங்க வைத்த ஓநாயைப் பழக்கினார் என்றும் அவரைப் பற்றி வழங்கும் கதைகள் பல. கதிரவனை அண்ணனாகவும் நிலவைத் தங்கையாகவும் கொண்டு அவர் 1225-இல் பாடிய பாடல் இத்தாலிய மொழியின் மிகப் பழைய இலக்கியங்களுள் ஒன்று. அதனைப் பாடும்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய மறைந்திருந்தது. 1226 அக்டோபர் 3-ஆம் நாள் மாலை, அவர் விரும்பியவாறே வெறுந்தரையில் கிடத்தப்பட்ட நிலையில் உயிர் நீத்தார். இரண்டே ஆண்டுகளில் திருச்சபை அவரைத் தூயர் என அறிவித்தது. அக்டோபர் 4 அவர் திருநாள்.

இனி, கடற்கரை நகரின் கதை.

கலிபோர்னியாக் கரையில் வடக்கு நோக்கி நீண்ட ஒரு தீபகற்பத்தின் முனையில் சான் பிரான்சிஸ்கோ அமைந்துள்ளது. மேற்கே பசிபிக் பெருங்கடல். கிழக்கே விரிந்த வளைகுடா. வடக்கே, கடலையும் வளைகுடாவையும் இணைக்கும், ஏறத்தாழ ஒரு மைல் அகலமுள்ள நீரிணை. கப்பற்படைகள் பல தங்கத்தக்க அவ்வளைகுடா உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. எனினும் ஐரோப்பிய மாலுமிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதன் வாயிலைக் காணாமலே அவ்வழியே சென்று வந்தனர். ஆங்கிலேயராகிய டிரேக் 1579-இல் அதற்குச் சற்று வடக்கே கரையிறங்கினார், வாயிலைக் காணவில்லை. மணிலாவிலிருந்து வந்த செர்மெனோ என்பவர் 1595-இல் அதே பகுதியில் உள்ள வேறொரு சிறு குடாவுக்குச் ‘சான் பிரான்சிஸ்கோ’ என்று பெயரிட்டார். பெரிய வளைகுடா அவர் கண்ணிலும் படவில்லை.

அதனை மறைத்தது மூடுபனி. அக்கரையை ஒட்டிக் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று ஓடுகிறது. கடலடியிலிருந்தும் குளிர்நீர் மேலெழுகிறது. கடற்காற்றின் ஈரம் அக்குளிர்ந்த நீர்ப்பரப்பின்மேல் வரும்போது பனித்திரையாக உறைந்து நிற்கும். கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெப்பத்தால் காய்கிறது. அங்கே சூடேறிய காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று விரைகிறது. மலைத்தொடரில் அதற்குக் கிடைக்கும் பெருவழி அந்நீரிணை ஒன்றே. ஆதலின் ஆடி ஆவணித் திங்கள்களில், பிற நாடுகள் வெயிலில் வாடும்போது, அந்நகரத்தார் கம்பளிச் சட்டை அணிந்து நடப்பர். பனி இல்லாத நாளிலும், வளைகுடாவின் நடுவிலுள்ள தீவுகளும் அப்பாலுள்ள குன்றுகளும் கடலிலிருந்து நோக்குவோர்க்கு ஒரே தொடர்ச்சியான கரைபோலத் தோன்றும்.

முடிவில் அவ்வளைகுடா கண்டறியப்பட்டது கடல்வழியாக அன்று, தரைவழியாக. அதுவும் வழி தவறியதால். 1769-இல் போர்த்தோலா என்னும் ஸ்பானியத் தலைவர் மாண்டெரே துறையைத் தேடிப் படையுடன் நடந்தார். அதைக் கண்டும் இன்னதென்று அறியாமல் கடந்து சென்ற அவருடைய ஆட்கள், ஒரு குன்றின்மேல் ஏறியபோது பெரும் வளைகுடாவைக் கண்டனர். இதைப் பற்றிப் பலோ என்னும் துறவி ஒரு செய்தி எழுதி வைத்துள்ளார். கலிபோர்னியாவில் நிறுவவிருந்த கோயில்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்த துறவித் தலைவர் யூனிப்பெரோ செரா, தங்கள் சபையின் தந்தையாகிய பிரான்சிசுக்கு ஒரு கோயில்கூட இல்லையே என்று மன்னரின் அதிகாரியிடம் வருந்திக் கேட்டாராம். பிரான்சிசுக்குக் கோயில் வேண்டுமானால் அவரே தம் துறைமுகத்தைக் காட்டித் தரட்டும் என்று அதிகாரி விடையிறுத்தாராம். அதன்பின் கிடைத்த துறைமுகத்துக்கு வேறு எப்பெயர் பொருந்தும்?

1775 ஆகஸ்டில் அயாலா என்பவர் செலுத்திய ‘சான் கார்லோஸ்’ என்னும் கப்பல் முதன்முதலாக நீரிணைக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் அங்கே முதல் வழிபாடு நடந்தது. ஐந்து நாள் கழித்து, அதே கண்டத்தின் கீழைக் கரையில் அமெரிக்கர் தம் விடுதலையை முழங்கினர். ஒரு கரைக்கு மறுகரையின் செய்தி தெரியாத காலம் அது.

அந்நிலம் ஆளில்லாத நிலம் அன்று. ஒலோனி என்று இன்று வழங்கப்படும் பழங்குடியினர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே வாழ்ந்து வந்தனர். கோரைப் புல்லால் கட்டிய படகில் வளைகுடாவைக் கடந்தனர். சிப்பியும் மீனும் கொண்டனர். ஓக் மரத்தின் கொட்டைகளை இடித்து, நீரில் அலசிக் கசப்பைப் போக்கி, கூழாக்கி உண்டனர். துறவியர் அவர்களுக்குத் திருமுழுக்கு அளித்தனர். அவ்வாறு சேர்ந்தவர் கோயில் வளாகத்திலேயே தங்கி உழைத்தல் வேண்டும். விரும்பியபோது திரும்பிச் செல்ல இயலாது. தப்பி ஓடியவரைப் படைவீரர் பிடித்து வந்தனர், அடியும் விழுந்தது. ஐரோப்பியர் கொணர்ந்த நோய்களைத் தாங்கும் ஆற்றல் அவர்கள் உடலில் இல்லை. 1806-இல் பரவிய தட்டம்மை ஒன்றே நூற்றுக்கணக்கானோரை மாய்த்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கோயிலின் இடுகாட்டில் ஆயிரக்கணக்கான ஒலோனியர் புதைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் புதைகுழிக்குப் பெயர்க்கல் இல்லை. தொழுநோயாளன் கையை முத்தமிட்டவரின் பெயரால், அவர் சபையினர் கையாலேயே இது நிகழ்ந்தது.

அவர்கள் கட்டிய கோயில் இன்றும் நிற்கிறது. 1791-இல் நிறைவெய்திய அக்கட்டடமே நகரில் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழையது. வெயிலில் உலர்த்திய மண்கல்லால் ஆன அதன் சுவர்கள் நான்கடி தடிப்புள்ளவை. மேற்கூரையின் உட்புறத்தே கோணல் கோடுகளாக ஓடும் வண்ணக் கோலங்கள், ஒலோனிப் பெண்டிர் கூடை முடையும்போது இட்ட வடிவங்களைப் பின்பற்றியவை. அருகே ஓடிய ஓடையின் பெயரால் மக்கள் அதை ‘மிஷன் தொலோரெஸ்’ என்பர். தொலோரெஸ் என்றால் துயரங்கள்.

1821-இல் மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. கோயில்களின் நிலங்கள் பின்னர்த் தனியார் கைக்குப் போயின. 1835-இல் ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் வளைகுடாக் கரையில் ஒரு கூடாரம் அமைத்து வாணிகம் தொடங்கினார். அங்கே புதினா இனத்துப் பூண்டு ஒன்று மிகுதியாகப் படர்ந்திருந்தது. ஸ்பானிய மொழியில் அதற்கு ‘நல்ல பூண்டு’ எனப் பொருள்படும் ‘யெர்பா புவேனா’ என்று பெயர். அதுவே அச்சிற்றூரின் பெயராயிற்று. 1846 ஜூலையில் அமெரிக்கக் கப்பற்படைத் தலைவர் ஒருவர் அங்கே தம் நாட்டுக் கொடியை ஏற்றினார்.

பெயர் மாறிய கதை சுவையானது. வளைகுடாவின் வடபுறத்தில் புதிய நகரம் ஒன்றை எழுப்பச் சிலர் திட்டமிட்டனர். நிலம் கொடுத்த வயேகோ என்னும் செல்வரின் மனைவி பெயர் பிரான்சிஸ்கா பெனீசியா. அவரைச் சிறப்பித்து நகருக்குப் ‘பிரான்சிஸ்கா’ எனப் பெயரிட எண்ணினர். சான் பிரான்சிஸ்கோ வளைகுடா உலகறிந்த பெயர்; அதற்கு வரும் கப்பல்கள் பிரான்சிஸ்கா என்ற பெயரைக் கண்டால் அத்துறையையே நாடுமன்றோ? யெர்பா புவேனாவின் தலைவராய் இருந்த பார்ட்லெட் இதை உணர்ந்தார். 1847 ஜனவரி 30-ஆம் நாள், தம் ஊர் இனிச் சான் பிரான்சிஸ்கோ என்றே வழங்கும் என அறிவித்துவிட்டார். ஏமாற்றமடைந்த எதிர்க்கரையினர், அப்பெண்மணியின் இரண்டாம் பெயரைக் கொண்டு தம் ஊரைப் பெனீசியா என்றனர். அது இன்றும் ஒரு சிறு நகரமே. இவ்வாறு தந்தை வாணிக நினைவாக வைத்த பெயரை, ஏழு நூற்றாண்டு நெருங்கியபின், ஓர் ஊர் வாணிகத்தின் பொருட்டே மேற்கொண்டது. அப்போது அவ்வூரில் ஐந்நூறு பேர்கூட இல்லை.

ஓராண்டு செல்லவில்லை. 1848 ஜனவரி 24-ஆம் நாள், சியர்ரா நெவாடா மலையடிவாரத்தில் மர அறுவை ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த மார்ஷல் என்பவர், கால்வாய் நீரில் மஞ்சள் நிறத்தில் மின்னிய சிறு துணுக்குகளைக் கண்டார். அவை பொன். ஒன்பது நாள் கழித்து, செய்தி அறியாத மெக்சிகோ, போரின் முடிவில் கலிபோர்னியாவை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது. பிரானன் என்னும் வணிகர் பொன்துகள் நிறைந்த புட்டி ஒன்றைக் கையில் ஏந்திச் சான் பிரான்சிஸ்கோவின் தெருக்களில் கூவிச் சென்றார். கூவுமுன்பே மண்வெட்டிகளையும் தட்டுகளையும் வாங்கித் தம் கடையில் குவித்து வைத்திருந்தார் என்பது நினைவிற்குரியது. 1849-இல் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். அவ்வாண்டின் இறுதியில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 25,000. மாலுமிகளும் பொன் தேடி ஓடிவிட்டமையால் நூற்றுக்கணக்கான கப்பல்கள் துறையிலே அநாதையாய் நின்றன. அவற்றுள் சிலவற்றைக் கரைக்கு இழுத்து விடுதியாகவும் பண்டகசாலையாகவும் பயன்படுத்தினர், ஒன்று சிறைச்சாலையாயிற்று. பின்பு கடலோரம் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்டபோது பல கப்பல்கள் அடியில் புதைந்தன. இன்றைய வாணிகத் தெருக்களில் அடித்தளம் தோண்டுவோர் அவற்றின் மரங்களைக் கண்டெடுத்துள்ளனர்.

பொன் தேடியவர்களுள் செல்வர் ஆனவர் சிலரே. அவர்களுக்குப் பொருள் விற்றவர்களே மிகுதியாகச் செழித்தனர். 1853-இல் வந்த லீவை ஸ்ட்ராஸ் என்னும் துணி வணிகர், உழைப்பாளிகளின் காற்சட்டையில் கிழியும் இடங்களில் செம்பு ஆணி பதிக்கும் முறைக்கு 1873-இல் தையற்காரர் ஜேக்கப் டேவிசுடன் சேர்ந்து உரிமை பெற்றார். துணிக்கடையைத் துறந்தவரின் நகரில் துணிக்கடை ஒன்று உலகப் புகழ் எய்தியது.

அதே ஆண்டில் ஹாலிடி என்பவர் வேறொரு புதுமையைச் செய்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகளின்மேல் அமைந்தது அந்நகரம். ஈரமான கற்பாதையில் வண்டி இழுத்து ஏறிய குதிரைகள் வழுக்கி விழுந்து இழுபட்டு மடிந்ததைக் கண்டு அவர் உள்ளம் வருந்தியதாகக் கூறுவர். சுரங்கங்களுக்குக் கம்பிக் கயிறு செய்து விற்றவர் அவர். அக்கயிற்றைத் தெருவின் நடுவே நிலத்தின்கீழ் ஓயாது ஓடச் செய்து, வண்டியின் அடியிலிருந்து ஒரு பிடியால் அதைப் பற்றிக்கொள்ளுமாறு அமைத்தார். பிடித்தால் வண்டி ஏறும். விட்டுவிட்டுத் தடையைப் போட்டால் நிற்கும். மணிக்கு ஒன்பதரை மைல் வேகத்தில் ஓடும் அவ்வண்டிகள் மூன்று தடங்களில் இன்றும் உள்ளன.

1906 ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலை 5 மணி 12 நிமிடத்தில் நிலம் நடுங்கியது. அந்நடுக்கத்தை விளைத்த நிலப்பிளவுக்கும் அடியார் ஒருவரின் பெயரே வாய்த்துள்ளது: ‘சான் ஆண்ட்ரியாஸ்’, அதாவது தூய அந்திரேயா. அப்பிளவின் இருபுறமும் உள்ள நிலத்தட்டுகள் ஒன்றையொன்று உரசி மெல்ல நகர்கின்றன. உராய்வால் சிக்கிக்கொண்ட இடத்தில் பல்லாண்டு சேர்ந்த இறுக்கம் ஒரு நொடியில் விடுபடும்போது நிலம் நடுங்கும். அன்று சில இடங்களில் வேலிகளும் சாலைகளும் இருபதடி அளவுக்கு விலகிப் போயின. நடுக்கம் ஒரு நிமிட அளவே. அழிவு நடுக்கத்தாலினும் நெருப்பாலேயே மிகுந்தது. நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்தமையால் தீயை அணைக்க நீர் இல்லை. மூன்று நாளுக்கு மேல் எரிந்த தீயில் ஏறத்தாழ 28,000 கட்டடங்கள் அழிந்தன. மாண்டவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். நான்கு இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். செல்வரும் வறியரும் பூங்காக்களில் அடுத்தடுத்த கூடாரங்களில் தங்கி, ஒரே வரிசையில் நின்று ரொட்டி வாங்கினர். தீ மிஷன் தொலோரெசை நெருங்கியது. அப்பகுதியில் இருபதாம் தெருவின் அருகே இருந்த ஒரே ஒரு நீர்க்குழாயில் மட்டும் நீர் வந்தது. மக்கள் அதைக்கொண்டு அத்திசையில் தீயைத் தடுத்தனர். பழைய மண் கோயில் தப்பியது. ஆண்டுதோறும் ஏப்ரல் 18-ஆம் நாள் விடியலில் நகரத்தார் கூடி அந்நீர்க்குழாய்க்குப் பொன்வண்ணம் பூசுகின்றனர். அந்நகரில் தகுதியான இடத்தில் சேர்ந்த பொன் அதுவே எனலாம்.

நீரிணையின் பெயர் ‘கோல்டன் கேட்’, பொன்வாயில். பொன் கிடைத்ததால் வந்த பெயர் அது என்று பலர் கருதுவர். அஃது உண்மையன்று. பொன் கிடைப்பதற்கு ஈராண்டு முன்பே, 1846-இல், பிரெமான்ட் என்பவர் பழைய பைசாந்தியத் துறைமுகத்தை நினைந்து இட்ட பெயர் அது. அதன் குறுக்கே 1933-இல் தொடங்கி 1937 மே திங்களில் திறக்கப்பட்ட தொங்குபாலம் உலகப் புகழ் வாய்ந்தது. இரு கோபுரங்களின் இடைத்தொலைவு 4,200 அடி. கோபுரத்தின் உயரம் நீர்மட்டத்திலிருந்து 746 அடி. பாரம் தாங்கும் இரு வடங்கள் ஒவ்வொன்றிலும் 27,572 கம்பிகள் உள்ளன. பாலத்தின் அடியில் கட்டப்பட்ட பெருவலை தவறி விழுந்த 19 தொழிலாளரைக் காத்தது. எனினும் பதினொருவர் அப்பணியில் உயிர் இழந்தனர். பனித்திரைக்கு மேலே கோபுரங்களின் உச்சி மட்டும் செந்நிறமாய்த் தோன்றும் காட்சியைக் காணப் பலர் விடியலில் குன்றேறிக் காத்திருப்பர்.

1945-இல் உலகப் போர் முடியும் தறுவாயில் ஐம்பது நாடுகளின் பேராளர்கள் இந்நகரில் கூடினர். ஏப்ரல் 25 முதல் இரு திங்கள் ஆராய்ந்து, ஜூன் 26-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் சாசனத்தில் கையொப்பமிட்டனர். அப்போது விடுதலை பெறாதிருந்த இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்ட இருவர் ஆர்க்காடு இராமசாமி முதலியாரும், வி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஆவர். இராமசாமி முதலியார் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராய் நெடுங்காலம் விளங்கிய இலட்சுமணசாமி முதலியாரின் இரட்டைப் பிறவி. பொருளாதார, சமூகக் கூட்டுறவு பற்றி ஆராய்ந்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். அதன் பயனாகத் தோன்றிய மன்றத்துக்கு 1946-இல் முதல் தலைவரும் அவரே ஆனார். படைக்கலமின்றிச் சுல்தானைக் காணச் சென்றவரின் பெயர் பூண்ட நகரில் அச்சாசனம் எழுதப்பட்டது திட்டமிட்டு அமைந்ததன்று.

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 8,73,965. கணிப்பொறித் தொழிலால் பெருஞ்செல்வம் மீண்டும் வந்து சேர்ந்துள்ளது. வீட்டு வாடகை எளியவர்க்கு எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டது. வானளாவிய மாடங்களின் அடியிலே, நடைபாதையில் கூடாரமிட்டு உறங்குவோரையும் காணலாம். 2024-இல் எடுத்த கணக்கில், வீடின்றி வாழ்வோர் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர்.

அந்நகரின் வறியோர் மிகுந்த பகுதி ஒன்றில் ஒரு கூடம் உள்ளது. ஆல்பிரெட் போடெக்கர் என்னும் பிரான்சிஸ்கன் துறவி அதை 1950-இல் தொடங்கினார். தொடங்குவதற்கு அக்டோபர் 4-ஆம் நாளைத் தேர்ந்தார். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் கோயில் கொண்டிருக்கும் தூய அந்தோணியாரின் பெயர் அதற்கு. அந்தோணியாரும் பிரான்சிசின் வழி நடந்த துறவியே. கூடத்தில் உணவுக்கு விலை இல்லை. வேளை வந்ததும் கதவு திறக்கிறது. வெளியே வரிசையில் நின்றவர்கள் உள்ளே சென்று மேசையில் அமர்கின்றனர்.